மலை தந்த கோடை

வெயில் முறுகும் காலத்தில் மலையேறுதல் செல்வர்க்கும் ஓய்வு நாடுவோர்க்கும் நெடுங்கால வழக்கம். தமிழ்நாட்டார் உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் நாடுவர். ஐரோப்பியர்க்கு இவ்வகையில் முதலிடம் பெற்ற நாடு சுவிற்சர்லாந்து. தோமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் 1863இல் ஒரு கூட்டத்தாரை அந்நாட்டுக்கு வழிநடத்திச் சென்றார். அதன் பின்னர் லூசேண், இன்ரலாக்கன், செர்மற் முதலிய ஊர்கள் கோடை விடுமுறைக்குப் பேர்போன தலங்களாயின. இலங்கையிலும் இவ்வழக்கத்துக்குக் குறைவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏப்பிரல் மாதம் பிறந்தால் மலர்க் காட்சியும் குதிரைப் பந்தயமுமாக ஊர் நிறைந்துவிடும்.

இந்தப் பொது வழக்கத்துக்கு மாறான ஓர் ஊர் திருகோணமலை. அங்கே விடுமுறைப் பருவம் நடப்பது குளிர்ந்த மாதங்களில் அன்று. ஆண்டின் மிக வெப்பமான மாதங்களிலேயாம். மே தொடங்கிச் செப்டெம்பர் ஈறாக உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் உல்லாசப் பயணிகள் கூடுகின்றனர். இக்காலத்தில் நண்பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸ் அளவை எட்டுவதுண்டு. மலையோ குளிரோ இல்லாத ஒரு கடற்கரைப் பட்டினம் கோடைத் தலமானது எவ்வாறு? அதற்கு விடை, வியப்பாயினும், மலையிலேயே உள்ளது. அம்மலை திருகோணமலையில் உள்ளதன்று. தீவின் நடுவே நிற்கும் மலைநாடே அது.

இலங்கையின் சுவாத்தியத்தை ஆளுவன இரண்டு பருவப்பெயர்ச்சிக் காற்றுகள். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் திசையிலிருந்து ஒன்று வீசுகின்றது. இதனை வட பகுதியார் சோளகம் என்பர். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்த் திசையிலிருந்து மற்றொன்று வருகின்றது, அது வாடை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள மாதங்களில் இடிமழையும், ஒரோவழிச் சூறாவளியும் தோன்றும். தீவு சமதரையாக இருந்திருப்பின் இவ்விரு காற்றுகளும் எல்லாப் பகுதிக்கும் ஏறத்தாழ ஒரே வகையான மழையைத் தந்திருக்கக்கூடும். ஆனால், நடுவே 2524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலையைத் தலையாகக் கொண்ட மலைத்தொகுதி மதில் போல் நிற்கின்றது. அம்மதிலின் ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் உலர்கின்றது.

தென்மேற் காற்று இந்து மாகடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் மோதுகின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்றால் முன்போல் ஈரத்தைத் தாங்க இயலாது. ஆகவே ஈரம் மேகமாகி மழையாகச் சொரிகின்றது. வட்டவளைப் பகுதியில் ஓராண்டு மழை 5000 மில்லிமீற்றரையும் கடந்துவிடும். மலையைக் கடந்த காற்றோ ஈரத்தை இழந்த வறுங்காற்று. திருகோணமலைக்கு ஓராண்டிற் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரு பங்கு ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்து தீர்கின்றது. யூன் மாதத்தில் ஒரு மழை பெய்தால் அஃது ஊரார் பேசிக்கொள்ளும் செய்தியாகும்.

மலையைக் கடந்த காற்று வறண்டது மட்டுமன்று, வெப்பமும் கொண்டது. இதற்கும் காரணம் உண்டு. மேகம் உண்டான பின்னர் காற்று ஆயிரம் மீற்றர் மேலேறினால் அதன் வெப்பம் ஐந்து அல்லது ஆறு பாகையே குறையும். ஈரம் நீராக மாறும்போது அதில் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படுதலே இக்குறைவு சிறிதாயிருத்தற்குக் காரணம். மலையின் மறுபக்கத்தில் அதே காற்று வறண்டு இறங்கும்போதோ ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை வீதம் வெப்பம் ஏறுகின்றது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெற்றது மிகுதி. ஆகவே, மேற்கே குளிர்ந்திருந்த காற்றுக் கிழக்கே அனலாய் வந்து சேர்கின்றது. கிழக்கிலங்கை மக்கள் இதனைக் கச்சான் காற்று என்று அழைப்பர். நிலக்கடலையையும் கச்சான் என்றே சொல்லும் நாட்டில் இப்பெயர் பிற ஊரார்க்கு நகை விளைக்கலாம். வயலில் நிற்கும் உழவர்க்கும் தலைச்சுமையோடு நடக்கும் பெண்களுக்கும் கச்சான் நகைக்குரியதன்று. அது வீசும் நாட்களில் இலைகள் சுருளும், உதடுகள் வெடிக்கும், கிணறுகள் கீழிறங்கும்.

இதே காற்று சுவிற்சர்லாந்திலும் உண்டு. அங்கே அதன் பெயர் போன் காற்று. இத்தாலிப் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று அல்ப்ஸ் மலையின் தென்சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வடக்கேயுள்ள பள்ளத்தாக்குகளில் வறண்ட வெப்பக் காற்றாய் இறங்குகின்றது. சில மணி நேரத்துக்குள் பனி உருகி ஓடும். 1861 மே மாதம் 10ஆம் நாள் இரவு கிளாறுஸ் என்னும் நகரில் பற்றிய தீயைப் போன் காற்றே ஊதி வளர்த்தது. நகரின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. பனிமலை நாட்டுக்கும் பனை நாட்டுக்கும் உறவில்லை என்று எண்ணுவோர் பலர். ஆயினும், மலை காற்றை மாற்றும் விதி இரண்டிடத்தும் ஒன்றே.

கச்சான் காற்றின் கொடுமையே பயணிக்கு நன்மையாவது கடலில். தென்மேற் காற்றுத் திருகோணமலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. அலை பெருகுவதற்குக் காற்று நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தொலைவு ஓடிவர வேண்டும். கரையிலிருந்து புறப்படும் காற்றுக்கு அவ்வாறு ஓட இடமில்லை. ஆகவே கரையோரக் கடல் குளம் போற் கிடக்கும். நீர் தெளிந்து அடிமணல் தோன்றும். இதே நாட்களில் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவையிலும் காலியிலும் கடல் கொந்தளிக்கும்; அங்கே நீராடுதல் உயிருக்கு இடர். டிசம்பரில் நிலைமை தலைகீழாக மாறும். அப்போது தெற்கு அமைதி பெறும், கிழக்குக் கொந்தளிக்கும். ஒரு சிறு தீவு ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கரையில் அமைதியான கடலை வைத்திருப்பது காற்றுப் பருவந்தோறும் திசை மாறி வீசுவதாலேயே. ஐரோப்பியர்க்குப் பள்ளி விடுமுறையான யூலை, ஓகஸ்ட் மாதங்களில் திறந்திருக்கும் கதவு கிழக்குக் கதவு. இலங்கைப் பள்ளிகளின் ஓகஸ்ட் விடுமுறையும் அதனோடு ஒத்து வருகின்றது.

அமைதியான கடலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. காற்றுக் கரையிலிருந்து வெளியே வீசுவதால், மிதவையிற் படுத்துக் கண்ணயர்பவரும் சிறு தோணியில் விளையாடும் பிள்ளைகளும் தாம் அறியாமலே ஆழ்கடலை நோக்கி இழுபட்டுச் செல்லக்கூடும். அலையில்லாத நீரில் இந்நகர்ச்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. கரையிலுள்ள கடற்றொழிலாளரிடம் காற்றின் போக்கைக் கேட்டறிந்து நீரில் இறங்குவதே அறிவுடைமை.

காற்று மலையில் விட்டுவந்த நீர் என்னவாயிற்று என்ற கேள்வி இங்கே எழுதல் இயல்பு. அந்நீரும் திருகோணமலைக்கே வருகின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் ஊற்றெடுக்கும் மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் நடந்து, மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. தென்மேற் காற்று கொணர்ந்த மழையில் ஒரு பங்கு இவ்வாறு ஆற்று வழியே, காற்று வறண்டு போன அதே திசைக்கு வந்து சேர்கின்றது. மழையில்லாத மாதங்களில் மூதூர், வெருகல், கந்தளாய்ப் பக்கத்து வயல்கள் பசுமை காண்பது ஆற்றுநீரினாலும் குளத்துநீரினாலுமே. காற்று எடுத்ததை ஆறு திருப்பிக் கொடுக்கின்றது எனலாம்.

இப்பருவத்தின் அருமையை முதலில் அறிந்தவர் உல்லாசப் பயணிகள் அல்லர், கடற்றொழிலாளரே. தென்மேற் காற்று எழுந்து தங்கள் கடல் அடைபட்டபோது, நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவர் குடும்பங்கள் கிழக்குக் கரைக்குப் பெயர்வது பன்னெடுங்கால வழக்கம். கரையில் ஓலையால் வாடி அமைத்துத் தங்கி, கருவாடு போட்டு, ஒக்டோபரிற் கடல் மாறத் தொடங்கியதும் திரும்புவர். உள்ளூர் மீனவர்க்கும் இதுவே வருவாய்க் காலம். கரைவலை இழுக்கும் உரிமையுள்ள கரைப்பகுதிக்குப் பாடு என்று பெயர். ஒரு பாட்டில் இருபது முப்பது பேர் இரு கயிறுகளையும் பற்றி இசைந்து இழுத்தாலன்றி வலை கரையேறாது. வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் இடையே உரிமைப் பிணக்குகள் எழுந்த காலமும் உண்டு. இணங்கி வாழ்ந்த காலமும் உண்டு.

சுவிற்சர்லாந்தின் கதையும் இதுவே. பயணிகள் மலையேறுவதற்குப் பல நூற்றாண்டுகளின் முன்பே, இடையர் கோடை பிறந்ததும் மாடுகளை மலைமேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே பாலடைக்கட்டி செய்து, கூதிர் காலத்தில் மாடுகளுக்கு மலர்முடி சூட்டி ஊர் திரும்பினர். விடுமுறைத் தலம் என்று உலகம் போற்றும் இடம் எதுவாயினும், அது முன்னரே ஒருவருடைய தொழிற்களமாக இருந்திருக்கும். மலைமேய்ச்சல் நிலத்துக்கு இடையர் எவ்வாறோ, நிலாவெளிக் கரைக்குக் கரைவலைக்காரர் அவ்வாறே உரியவர்.

பருவம் தவறியதால் வந்த துன்பத்துக்கும் இக்குடாவில் ஒரு பழங்கதை உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுதுபார்க்கும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அக்கப்பலில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் தந்தையோடும் தோழரோடும் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் சிறையிருந்து, 1679இல் தப்பினார். அவர் 1681இல் வெளியிட்ட நூல் அக்கால இலங்கையை அறியப் பெருந்துணையாகின்றது. வாடைக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் ஒதுங்க இடமில்லாமையே திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஐரோப்பியர் பலரும் போட்டியிட்டதன் காரணங்களுள் ஒன்று. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இத்துறையைத் தளமாகக் கொண்டிருந்தது. வாடைக் காலத்தின் கடுமை இன்றும் குறைந்துவிடவில்லை. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பகுதியைத் தாக்கிய சூறாவளியே பாக்கு நீரிணையைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்தது.

காண வருவோர்க்குப் பட்டினத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள இடங்கள் பல. பட்டினத்துக்கு வடக்கே சில கிலோமீற்றரில் உப்புவெளியும், அதற்கப்பால் நிலாவெளியும் நீண்ட வெண்மணற் கரைகள். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் அளவில் கடலில் நிற்பது புறாத்தீவு. பாறைப் புறாக்கள் வாழ்ந்தமையாற் பெற்ற பெயர் இது. 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இத்தீவைச் சூழ்ந்து முருகைக்கற் பாறைகளும், அவற்றிடையே பல நிற மீன்களும், மனிதரைக் கண்டு விலகும் கருநுனிச் சுறாக்களும் உள்ளன. துறைமுக வாயிலை அடுத்தே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால், ஆழ்கடலில் வாழும் நீலத் திமிங்கிலங்களும் கரைக்கு அண்மையிலே தோன்றுகின்றன.

பட்டினத்தில் பிறெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவும். அக்கோட்டையின் கோடியில், கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைமேல் திருக்கோணேச்சரம் விளங்குகின்றது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் இது. போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை எழுப்பினர். 1950இல் நிலம் அகழ்ந்தபோது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் கடலில் மூழ்கிப் பாறையடியிற் பழங்கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். புதிய கோயில் 1963இற் குடமுழுக்குக் கண்டது. அம்மூழ்கலும் நீர் தெளிந்திருக்கும் பருவத்தின் பயனே என்பதை மறத்தலாகாது. வடமேற்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வோரளவு. எரிமலை எதுவும் இங்கில்லை. நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறிய நீர் பாறைப் பிளவுகளின் வழியே மேலெழுகின்றது. மறைந்தோர்க்குக் கடன் செய்யும் இடமாகவும் மக்கள் இதனைப் போற்றுவதால், அங்கே நீராட வருவோர் அடக்கத்தோடு நடத்தல் தகும்.

இத்துணை வளமிருந்தும் திருகோணமலையின் விடுமுறைப் பருவம் நெடுங்காலம் மூடிக்கிடந்தது. 1966இல் இலங்கை உல்லாசப் பயண சபை தோன்றிய பின் கிழக்குக் கரையில் விடுதிகள் எழலாயின. ஆனால் 1983இல் மூண்ட போர் பயணிகளை விரட்டியது. கடற்றொழிலாளர்க்கும் கடல் பல வேளைகளில் தடுக்கப்பட்ட இடமாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் குடிகளையும் விடுதிகளையும் ஒருங்கே வாரிச் சென்றது. 2009இற் போர் முடிந்த பின்னரே வருவோர் தொகை மீண்டும் பெருகத் தொடங்கியது. கால் நூற்றாண்டுக் கோடைகளை இழந்த ஊருக்கு இனி வரும் ஒவ்வொரு கோடையும் பெரிது.

அப்பெருமையோடு கவலையும் வந்துள்ளது. மே முதல் செப்டெம்பர் வரையுள்ள ஐந்து மாதங்களில் ஈட்டுவதைக் கொண்டே படகோட்டியும் விடுதிப் பணியாளரும் கடைக்காரரும் ஆண்டு முழுவதும் வாழவேண்டும். இந்நெருக்கடி, வந்தவரை இயன்றவரை ஏற்றிச் செல்லும் ஆசையைத் தூண்டுகின்றது. முருகைக்கல் உயிரற்ற கல் அன்று. கடுகளவான எண்ணற்ற உயிர்கள் கூடிக் கட்டும் வீடு. ஒரு கால் மிதித்து உடைத்த கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அவ்வுயிர்கள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து வெளிறிச் சாகும். 1998இல் இலங்கையின் பல கரைகளில் இவ்வாறே முருகைக்கற் பாறைகள் அழிந்தன. புறாத்தீவுப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. தப்பியதைக் காப்பது கடலின் வேலை அன்று, மனிதர் வேலை.

கரைக்கும் இதுபோன்ற ஒரு நெருக்கடி உண்டு. விடுதி வேலியும் நாற்காலி வரிசையும் முன்னேறினால் கரைவலைப் பாடு சுருங்கும். பாடு சுருங்கினால் வலை இழுக்கும் முப்பது குடும்பங்களின் அடுப்புச் சுருங்கும். வறண்ட பருவத்திலேயே பயணிகள் மிகுதலால், நன்னீரின் தேவையும் அப்போதே உச்சமடைகின்றது. மணற்கரைக் கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், மேலேயுள்ள நன்னீர் குறைந்து கடல்நீர் உள்ளே ஏறும். உவர்ப்பு ஏறிய கிணறு எளிதில் திருந்தாது. சுவிற்சர்லாந்தினர் தம் மலைமேய்ச்சல் நிலங்களைக் காட்சிப் பொருளாக மட்டும் ஆக்கிவிடாமல், இடையர் தொழில் தொடர்ந்து நடைபெற அரசுப் பொருளுதவி செய்து வருகின்றனர். மேய்ச்சல் நின்றால் பசும்புல்வெளி புதர்க்காடாகும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. தொழிலைக் காத்தால் காட்சியும் காக்கப்படும் என்னும் இப்பாடம் திருகோணமலைக்கும் பொருந்தும்.

ஆகவே திருகோணமலையிற் கோடை கழிக்க எண்ணுவோர் சிலவற்றை மனங்கொள்ளல் நன்று. வரும் மாதம் மே முதல் செப்டெம்பருக்குள் அமையட்டும். நவம்பர், டிசம்பரில் வருவோர் கோயிலையும் கோட்டையையும் காணலாம், கடலை நம்பலாகாது. காலையும் மாலையும் வெளியே உலாவி, நண்பகலில் நிழலில் இருத்தல் வேண்டும். புறாத்தீவுக்குச் செல்வோர் முருகைக்கல்லில் நிற்றலும் அதனை ஒடித்தெடுத்தலும் செய்யாதிருத்தல் வேண்டும். அதிகாலையில் வலை கரையேறும்போது வழிவிட்டு நிற்பதும், இயலுமாயின் கயிற்றில் ஒரு கை கொடுப்பதும் நல்லோர் செயல். அவ்வாறு கை கொடுத்தவர்க்கு வலையில் வந்த மீனில் ஒரு பிடி கொடுத்தனுப்பும் வழக்கம் அக்கரையில் இன்னும் அற்றுப்போய்விடவில்லை.